ஊரார் பணத்தில் ஒரு புத்தகம்: கூட்டு நிதிக்குக் கணக்குப் போடுவது எப்படி?

ஆடி மாதம் எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அதற்கு முன்பே ரசீது புத்தகத்தோடு வீடு வீடாக வந்து வசூல் நடக்கும். விழா முடிந்த அடுத்த வாரம் கோயில் சுவரில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டுவார்கள். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. கேழ்வரகு, வெங்காயம், கருவாடு, பம்பைக்காரர், மைக் செட், சீரியல் லைட் என்று ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்கும். நூறு ரூபாய் கொடுத்தவரும் நின்று படிப்பார். மைக் செட்டுக்குப் போன வருடத்தைவிட ஏன் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்று கேட்பார். வசூல் செய்த அண்ணன் பதில் சொல்லியாக வேண்டும், சொல்வார்.

கிரவுட்ஃபண்டிங் என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு அந்தத் தாளைத்தான் முதலில் நினைவுபடுத்துவேன். ஒரு வேலையைச் செய்து முடிக்கப் பணம் வேண்டும். ஒரே ஆளிடம் பெரிய தொகை வாங்காமல், பலரிடம் சிறு சிறு தொகையாக முன்கூட்டியே வாங்குகிறோம். வேலை முடிந்ததும் அதைக் கொடுத்தவர்கள் முன்னால் வைக்கிறோம். இது கடன் இல்லை, வட்டி கிடையாது. மொய்யும் இல்லை. மொய் நோட்டில் எழுதியதை அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்துவிட்டால் கணக்கு தீர்ந்தது. இங்கே திருப்பித் தர வேண்டியது சொன்ன வேலையை. 1976-ல் குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து, ஷியாம் பெனகல் இயக்கிய ‘மந்தன்’ படத்தின் தயாரிப்பாளர்கள் ஆனார்கள். அமெரிக்காவில் 2009-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளம் வந்தது. இந்தியாவில் மிலாப், கெட்டோ, விஷ்பெரி போன்ற தளங்கள் வந்தன. கருவி புதிது, பழக்கம் பழையது.

நாங்கள் ஐந்து பேர், வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துக்காரர்கள். காசிமேடு துறைமுகத்தில் வலை பழுது பார்ப்பவர்களைப் பற்றி இப்படித்தான் ஒரு புகைப்பட நூல் கொண்டுவந்தோம். படமெடுத்தது வேறொருவர், எழுதியது வேறொருவர், கணக்கு எழுதியது நான். கீழே வரும் தொகைகளைப் புரிவதற்காக முழு எண்களாக்கி வைத்திருக்கிறேன். உங்கள் அச்சகமும் உங்கள் தெருவும் வேறு விலை சொல்லும். போடும் முறையைப் பாருங்கள்.

ஏலம் போன தொகை சம்பாத்தியம் ஆகாது

விசைப்படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் ஒரு பெரிய தொகை கையில் நிற்கும். அதைப் பார்த்து யாரும் இவ்வளவு சம்பாதித்தோம் என்று சொல்ல மாட்டார்கள். டீசல், ஐஸ், அரிசி மளிகை எல்லாம் கழித்த பிறகுதான் பங்கு பிரிப்பார்கள். திரட்டிய பணமும் அப்படித்தான். “3 லட்சம் திரட்டினார்கள்” என்று வெளியே பேசுவார்கள். உள்ளே அந்த 3 லட்சத்துக்கும் ஏற்கனவே இடம் குறித்திருக்க வேண்டும்.

எங்கள் செலவை இப்படிப் பிரித்தோம். படமெடுக்கப் போய்வரும் செலவும் லென்ஸ் வாடகையும் 30,000. ஐந்து பேரின் கூலி 90,000. மெய்ப்புப் பார்ப்பதற்கும் ஆடிட்டருக்கும் 10,000. வேலையை நிறுத்திவிட்டு எங்களோடு பேச உட்காரும் வலைக்காரர்களுக்கு ஒரு தடவைக்கு 500 வீதம் 30 தடவை, 15,000. வெளியீட்டு விழாவுக்கு நாற்காலி, ஷாமியானா, மைக், டீ என 12,000. 300 பிரதி அச்சும் பைண்டிங்கும் பிரதிக்கு 350 வீதம் 1,05,000. தபாலும் பேக்கிங்கும் பிரதிக்கு 90 வீதம் 200 பேருக்கு 18,000. கூட்டினால் 2,80,000. எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம், 28,000. ஆக 3,08,000.

இதில் இரண்டு வகைச் செலவு கலந்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு புத்தகம் அச்சிட்டாலும் ஆயிரம் அச்சிட்டாலும் படமெடுக்கும் செலவு மாறாது. அச்சும் தபாலும் பிரதிக்குப் பிரதி ஏறும். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். “600 ரூபாய் கொடுங்கள், புத்தகம் வீடு தேடி வரும்” என்று அறிவித்துவிடுகிறார்கள். அச்சு 350, தபால் 90 போனால் மீதி 160. இணையதளத்தின் கழிவு போனால் மிஞ்சுவது சுமார் 100 ரூபாய். 200 பேர் வந்தாலும் 20,000தான் தேறும். படமெடுப்பது, கூலி, விழா எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,57,000 வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? பணம் கொடுப்பவருக்குப் பொருள் கொடுப்பதற்கே பணம் தீர்ந்துவிடும்.

நாங்களும் முதலில் 600 என்றுதான் எழுதினோம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று இரவே அடித்துவிட்டு 900 ஆக்கினோம். 200 பேர் 900 வீதம் கொடுத்தால் 1,80,000. புத்தகம் வேண்டாம், பெயர் மட்டும் அச்சானால் போதும் என்பவர்களுக்கு 100 ரூபாய். 400 பேர் வந்தால் 40,000. ஆளுக்கு 5,000 கொடுக்கக்கூடியவர்கள் 24 பேரைக் கண்டுபிடித்தால் 1,20,000. அவர்களுக்கு விழாவில் புத்தகத்தைக் கையில் கொடுப்பது, தபால் செலவு இல்லை. மொத்தம் 3,40,000.

3,08,000 போதுமென்றால் ஏன் 3,40,000 கேட்டோம்? தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தளத்துக்கு 5 சதவீதம், பணப் பரிமாற்றத்துக்கு 3 சதவீதம், இந்தக் கட்டணங்களின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று வைத்துக்கொண்டால், 100 ரூபாயில் 9 ரூபாய் 44 காசு போய்விடும். இங்கே ஒரு சின்னப் பிசகு எல்லோருக்கும் நேரும். 3,08,000-க்கு 9.44 சதவீதம் கூட்டி 3,37,075 கேட்போம். ஆனால் தளம் தன் சதவீதத்தை வந்த மொத்தத் தொகையில்தான் கழிக்கும். கையில் கிடைப்பது 3,05,255. 2,745 ரூபாய் துண்டு விழும். சரியான வழி, வேண்டிய தொகையை 0.9056-ஆல் வகுப்பது. அப்படிச் செய்தால் 3,40,106 வரும். ஒவ்வொரு தளத்தின் கட்டணமும் வேறு. சேரும் முன் அதன் விதிகளில் படித்துவிட்டு எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். சில தளங்களில் இலக்கை எட்டாவிட்டால் ஒரு ரூபாயும் கிடையாது, கொடுத்தவர்களுக்கே போய்விடும். கிக்ஸ்டார்ட்டர் அப்படி. சிலவற்றில் வந்தது வரை எடுத்துக்கொள்ளலாம். கேட்க இரண்டாவது நல்லதாகத் தோன்றும். எனக்கு முதலாவதுதான் நேர்மையானதாகப் படுகிறது. 3,40,000 வேண்டிய வேலைக்கு 90,000 மட்டும் வந்து, அதை எடுத்துக்கொண்டால், அந்த 90,000 கொடுத்தவர்களுக்கு என்ன தருவோம்?

சொந்தக் கூலியை எழுதக் கூச்சப்பட வேண்டாம்

எங்கள் குழுவில் அதிகம் விவாதித்தது அந்த 90,000 பற்றித்தான். “ஊரார் பணத்தில் நாம சம்பளம் எடுத்தா என்ன நினைப்பாங்க?” என்று ஒரு தம்பி கேட்டான். அச்சுச் செலவில் கொஞ்சம் கூட்டி எழுதி அதற்குள் நம் கூலியை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை, கூச்சத்தில்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு வரியில் பொய் எழுதினால், மற்ற எல்லா வரிகளையும் யார் நம்புவார்கள்?

நம் பகுதியில் கூலி என்ற சொல்லுக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மூட்டை தூக்குபவர், ஐஸ் உடைப்பவர், வலை பழுது பார்ப்பவர், எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் நிற்கும் அக்கா, எல்லோருக்கும் வேலைக்குக் கூலி உண்டு என்பது தெரியும். அவர்களுக்குச் சந்தேகம் வருவது கூலியை மறைக்கும்போதுதான். அதனால் அறிவிப்பிலேயே எழுதினோம். படமெடுப்பவருக்கு 30,000, பேட்டி எடுத்து எழுதுபவருக்கு 25,000, லே-அவுட்டுக்கு 20,000, எடிட்டிங்குக்கு 10,000, கணக்குக்கும் தபால் வேலைக்கும் 5,000, எட்டு மாத வேலைக்கு. 100 ரூபாய் கொடுத்த ஒருவர்கூட இதைக் கேள்வி கேட்கவில்லை. “எட்டு மாசத்துக்கு இவ்வளவுதானா?” என்று கேட்டவர்கள் உண்டு.

கூலி கொடுக்காமல் விடுவதில்தான் பெரிய சிக்கல் வரும். அமெரிக்க இசைக் கலைஞர் அமண்டா பால்மர் 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் 1 லட்சம் டாலர் கேட்டார். கிட்டத்தட்ட 25,000 பேர் சேர்ந்து ஏறக்குறைய 12 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பணம் எங்கெங்கே போகிறது என்று அவரே விவரம் வெளியிட்டார். அதன் பிறகு, ஊர் ஊராக நடக்கும் கச்சேரிகளில் அந்தந்த ஊர் இசைக் கலைஞர்கள் சம்பளம் இல்லாமல் வந்து வாசிக்கலாம் என்று அழைத்தார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அவர்களுக்கும் பணம் கொடுப்பதாக அறிவித்தார். இவ்வளவு பணம் வந்தும் வாசிப்பவருக்கு ஏன் ஒதுக்கவில்லை என்ற ஒரு கேள்விக்கு, வெளியிட்ட அத்தனை எண்களாலும் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பட்ஜெட்டில் வலைக்காரர்களுக்கு 15,000 என்ற வரி வந்ததற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம். நம்மோடு பேசும் நேரம் அவர்களுக்கு வேலை நின்ற நேரம்.

நாள்காட்டியும் பட்ஜெட்தான்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், வலைகளும் படகுகளும் பழுது பார்க்கப்படும். எங்கள் புத்தகத்துக்குப் படமெடுக்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் அதே காலத்தில் மீனவர் வீடுகளில் வருமானம் இருக்காது. அவர்களிடம் போய் 100 ரூபாய் கேட்க மனம் வருமா? ஆகவே நிதி திரட்டலைப் பிப்ரவரி, மார்ச்சில் முடித்தோம், படத்தைத் தடைக்காலத்தில் எடுத்தோம். வேலைத் திட்டம் இப்படி அமைந்ததால்தான் லென்ஸ் வாடகையை இரண்டு மாதத்துக்குள் அடக்க முடிந்தது.

அச்சான புத்தகங்களை எங்கே அடுக்குவது என்பதையும் இப்போதே யோசியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வடசென்னையில் எத்தனையோ தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டோம். 300 பிரதியும் ஒரே அறையின் தரையில் இருந்தால் 1,05,000 ரூபாய் தரையில் இருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் மாடி வீட்டுக்காரரான ஒரு மாமாவிடம் இடம் கேட்டு வாங்கினோம்.

“ஏன்” என்று ஒரு கட்டம்

இப்போது செலவுக்குக் காரணம் சொல்வது. வேலையெல்லாம் முடிந்த பிறகு, யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் நினைவு மங்கிவிடும். ஆறு மாதத்துக்கு முன் ஏன் ஆட்டோ பிடித்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அப்போது சொல்லும் காரணம் உண்மையாகவே இருந்தாலும், இட்டுக்கட்டியது போலத்தான் தொனிக்கும். செலவழித்த அன்றே, அந்தத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் ஐந்து கட்டம் போட்டேன்: தேதி, எதற்கு, திட்டமிட்டது, ஆனது, ஏன். ஒரு வரி இப்படி இருக்கும்: “ஆட்டோ, திட்டம் 0, ஆனது 180. விடியற்காலை 3 மணிக்கு ஏலக்கூடத்தில் இருக்க வேண்டும், அந்த நேரம் பஸ் இல்லை, கேமரா பையோடு நடக்கப் பயம்.” படிப்பவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பெரிய செலவுகளுக்கு “ஏன்” கொஞ்சம் நீளும். புத்தகத்தை 120 பக்கமாக நினைத்திருந்தோம். அச்சகத்து அண்ணன், 16 பக்கம் ஒரு ஃபாரம், 120 என்றால் ஏழரை ஃபாரம் வரும், ஒன்று 112 ஆக்குங்கள் இல்லை 128 ஆக்குங்கள் என்றார். 112 ஆக்கினோம். எட்டுப் பக்கம் குறைந்ததில் நல்ல படங்கள் சில போயின. ஆனால் மிச்சமான பணத்தில் 100 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளுக்குப் பதிலாக 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் போட முடிந்தது. இரவில் எடுத்த படங்கள் நிறைய இருந்தன. மெல்லிய தாளில் அந்தக் கறுப்பு பின்பக்கத்தில் நிழலாகத் தெரிந்தது. இரண்டு தாளிலும் ஒவ்வொரு டம்மி (மாதிரி) பக்கம் அடித்து, இரண்டையும் படமெடுத்து, பணம் கொடுத்த ஆதரவாளர்களுக்கு அனுப்பினோம். “தாளுக்கு ஏன் அதிகம்?” என்ற கேள்வி பிறகு வரவே இல்லை.

பில் கிடைக்காத செலவுக்கு என்ன செய்வது? டீக்கடையில் பில் கிடையாது, வலைக்காரரிடம் ரசீது புத்தகம் இருக்காது. அதற்குத்தான் வவுச்சர். வெள்ளைத்தாளில் தேதி, தொகை, எதற்கு என்று எழுதி, வாங்கியவரின் கையெழுத்தோ கைநாட்டோ பெற்று வைத்தால் போதும். பத்து ரூபாய் டீக்கு இது தேவையில்லை, வாரத்துக்கு ஒரு வவுச்சரில் மொத்தமாக எழுதலாம். 500 ரூபாய்க்குக் கட்டாயம் வேண்டும்.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கில் வாங்கினால், அவர் வீட்டு வாடகையும் புத்தகக் காசும் ஒரே பாஸ்புக்கில் கலந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் நிரூபிக்க முடியாது.

எங்கள் கணக்கும் தவறியது. தபால் செலவைக் கணக்கிட டம்மியை எடைபோட்டபோது அட்டைப் பெட்டியையும் பபிள் உறையையும் சேர்க்க மறந்துவிட்டேன். உண்மையான பார்சல் அடுத்த எடைப் படிக்குப் போய்விட்டது. பிரதிக்கு 90 என்று போட்டது 115 ஆனது. 200 பிரதிக்கு 5,000 ரூபாய். எதிர்பாராச் செலவு 28,000-லிருந்து எடுத்தோம், அந்த மாதக் கணக்கிலேயே காரணத்தோடு எழுதி அனுப்பினோம். அந்த 10 சதவீதம் இதற்காகத்தான் இருக்கிறது. விழாவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கலாம், அட்டைக்குத் தங்க எழுத்து போடலாம் என்ற ஆசைகளுக்கு அதைத் தொடக் கூடாது.

ஆசை பெருகுவது பணம் அதிகம் வரும்போதுதான். டபுள் ஃபைன் என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனம் 2012-ல் 4 லட்சம் டாலர் கேட்டு, 87,000-க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 33 லட்சம் டாலருக்கு மேல் பெற்றது. பணம் பெருகியதும் கேமும் பெரிதானது. மறு வருடமே, வடிவமைத்த அளவுக்கு இந்தப் பணம் போதாது என்று அதன் தலைவர் ஆதரவாளர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கேமை இரண்டாகப் பிரித்து 2014-ல் ஒரு பாதியும் 2015-ல் மறு பாதியும் வெளியிட்டார்கள். மறைக்காமல் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் கூடுதல் பணம் வந்தால் என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம் என்பதை வசூல் தொடங்கும் முன்பே எழுதி வைப்பது அதைவிட நல்லது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈத்தன் மாலிக், கிக்ஸ்டார்ட்டரில் பணம் கொடுத்த 47,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நிதி கிடைத்த திட்டங்களில் 9 சதவீதம் சொன்னதைத் தரவில்லை என்று அதில் தெரிந்தது. பத்தில் ஒன்பது பேர் சொன்னதைத் தந்திருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து பதிலுக்கு எதுவும் தராமல் ஒருவர் பெறும் பணம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். புத்தகம் கொடுத்தால் அது வியாபார வருமானமாகப் பார்க்கப்படலாம். அதனால்தான் ஆடிட்டர் ஃபீஸையும் பட்ஜெட்டில் வைக்கச் சொல்கிறேன். “லாபத்தில் பங்கு தருவோம்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் எல்லைக்குள் போய்விடும். வெளிநாட்டவரிடமிருந்து வரும் பணத்துக்கு 2010-ம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. துபாயில் வேலை செய்யும் நம் தெருப் பையன் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வேறு. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கை முடித்தபோது எதிர்பாராச் செலவில் 11,400 மிஞ்சியிருந்தது. மிச்சம் வந்தால் துறைமுகத்தில் படக் கண்காட்சி வைப்போம் என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தோம். வலைக்கூடத்தின் கயிறுகளிலேயே படங்களை மாட்டி இரண்டு நாள் வைத்தோம். பிரிண்டுக்கு 9,600, டெம்போ 1,100, டீ 700. கடைசித் தாளை ஆதரவாளர்களுக்கு அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை வலைக்கூடத்துத் தூணிலும் ஒட்டினோம். கையிருப்பு என்ற இடத்தில் பூஜ்யம், அதற்குக் கீழே ஐந்து பேர் கையெழுத்து. நோட்டும் வவுச்சர் கட்டும் என்னிடம் இருக்கின்றன. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன்.